விற்க முடியாத இறைச்சி: காட்டு வான்கோழியின் சமையலறை வரலாறு

போன நத்தாருக்குக் கிட்ட, கம்பஸ் விடுதியில் நாலைந்து பேர் இருந்து சாப்பாட்டைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தோம். ஒருத்தன் தங்கட வீட்டில் நத்தாருக்கு வான்கோழி வெட்டுவினம் எண்டான். பக்கத்தில் இருந்த சிங்கள நண்பனுக்கு வான்கோழி எண்டால் என்னவென்று விளங்கவில்லை. போனில் படம் காட்டினோம். "ஆ, களுகும்!" எண்டு சிரித்தான்.

அந்தச் சொல்லைத் தேடப் போய்த்தான் இந்தக் கட்டுரை தொடங்கியது. 'களுகும்' ஒல்லாந்தரின் 'கல்கூன்' என்ற சொல்லில் இருந்து சிங்களத்துக்கு வந்தது. 'கல்கூன்' என்றால் கள்ளிக்கோட்டைக் கோழி. அதாவது ஒல்லாந்தர் இதை நம்ம பக்கத்துப் பறவை என்று நினைத்திருக்கிறார்கள். ஆங்கிலேயருக்கு இது துருக்கியின் பறவை. துருக்கியருக்கு இது 'ஹிந்தி'. பிரெஞ்சுக்காரருக்கும் இந்தியாவினுடையது. போர்த்துக்கேயருக்கு 'பெரு'. மலாய் மொழியிலோ இது ஒல்லாந்துக் கோழி! ஒவ்வொருத்தரும் மற்றவரின் ஊரைக் காட்டிவிட்டுப் போயிருக்கினம். பறவையின் உண்மையான ஊர் மெக்சிக்கோவும் அதற்கு வடக்கே உள்ள அமெரிக்கக் காடுகளும்தான்.

இந்தப் பக்கம் அது வந்த கதைக்கு ஒரு நல்ல சாட்சி இருக்கிறது. 1612இல் முகர்ரப் கான் என்ற அதிகாரி கோவாவில் இருந்து சில அபூர்வ விலங்குகளைக் கொண்டுவந்து முகலாயப் பேரரசர் ஜஹாங்கீருக்குக் கொடுத்தார். அதில் ஒன்று வான்கோழி. ஜஹாங்கீர் தன் நினைவுக்குறிப்பில் அதை மயிலோடு ஒப்பிட்டு, அதன் தலையும் கழுத்தும் பச்சோந்தி போல நிறம் மாறுவதைப் பார்த்து வியந்து எழுதியிருக்கிறார். அரசவை ஓவியர் மன்சூர் வரைந்த வான்கோழி ஓவியம் இன்றைக்கு லண்டனில் விக்டோரியா அல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 16ஆம் நூற்றாண்டுக்கு முன் இந்தப் பறவை ஆசியாவில் கிடையாது. ஆகவே நாங்கள் சின்ன வகுப்பில் பாடமாக்கிய மூதுரை அதற்கு முந்தியது என்றால், அதில் மயிலைப் பார்த்து ஆடும் வான்கோழி இந்த வான்கோழியாக இருக்க முடியாது.

சரி, பெயரை விடுவோம். எனக்குப் பெரிதாகப் பட்டது வேறொன்று. அமெரிக்காவில் இன்றைக்கும் லட்சக்கணக்கான ஆக்கள் காட்டு வான்கோழியை வேட்டையாடி வீட்டில் சமைத்துச் சாப்பிடுகிறார்கள். ஆனால் அந்தக் காட்டு இறைச்சியைக் கடையில் வாங்க ஏலாது. ஏன் என்பதற்குள் ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது.

மிளகாய், தக்காளி, வான்கோழி

மத்திய மெக்சிக்கோப் பக்கம் ஏறக்குறைய 2000 வருடங்களுக்கு முன்பே வான்கோழியை வீட்டில் வளர்க்கத் தொடங்கிவிட்டார்கள். இன்றைய அமெரிக்காவின் தென்மேற்கில் வாழ்ந்த பழைய புவெப்லோ மக்கள் தனியாக, வேறொரு இனத்தைப் பழக்கினார்கள். அவர்கள் முதலில் இறைச்சிக்காக வளர்க்கவில்லை. இறகுக்காகத்தான். இறகை நாரோடு முறுக்கிப் போர்வை நெய்தார்கள். சாப்பிடுவது பிறகுதான் பெருகியது.

அஸ்டெக் மக்களின் நஹுவாத்ல் மொழிப் பெயரில் இருந்து வந்த 'குவாஹொலோத்தே' என்ற சொல்லால்தான் மெக்சிக்கோவில் இப்பவும் இதைக் கூப்பிடுகிறார்கள். 16ஆம் நூற்றாண்டில் பெர்னார்தினோ தெ சஹாகுன் என்ற ஸ்பானியத் துறவி, அந்த மக்களின் வாழ்க்கையை அவர்கள் மொழியிலேயே தொகுத்தார். அதில் மிளகாய், தக்காளி, அரைத்த பூசணி விதை சேர்த்த வான்கோழிக் குழம்பு வருகிறது. வாசிக்கும்போது எனக்கு எங்கட வீட்டுக் கோழிக்கறிதான் ஞாபகம் வந்தது. மிளகாயும் தக்காளியும் அந்தக் கண்டத்தில் இருந்துதானே எங்களிட்டை வந்தது!

ஸ்பானியர் வளர்ப்பு வான்கோழியை ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனார்கள். 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயக் குடியேறிகள் அதையே திரும்ப வட அமெரிக்காவுக்குக் கொண்டுவந்தார்கள். இன்றைக்கு அமெரிக்கச் சுப்பர்மார்க்கெட்டில் கிடக்கும் வான்கோழி, பக்கத்துக் காட்டில் நிற்கும் பறவையின் வழி வந்ததல்ல. அது அத்திலாந்திக் சமுத்திரத்தை இரண்டு தரம் கடந்த மெக்சிக்கோப் பறவையின் பிள்ளை.

1621: அந்த விருந்தில் என்ன இருந்தது?

அமெரிக்கப் பள்ளிக்கூடக் கதை எங்களுக்கும் சினிமாவில் இருந்து தெரியும். கப்பலில் வந்த குடியேறிகளும் பழங்குடி மக்களும் ஒன்றாக இருந்து வான்கோழி சாப்பிட்டார்கள், அதுதான் நன்றி நவிலல் நாள்.

ஆதாரத்தைப் பார்த்தால் கதை கொஞ்சம் சுருங்குகிறது. எட்வர்ட் வின்ஸ்லோ என்ற குடியேறி 1621 டிசம்பரில் எழுதிய கடிதத்தில், ஆளுநர் நாலு பேரைப் பறவை வேட்டைக்கு அனுப்பினார், அவர்கள் ஒரு நாளில் கொண்டுவந்தது கிட்டத்தட்ட ஒரு கிழமைக்குக் காணும் என்கிறார். என்ன பறவை என்று சொல்லவில்லை. வம்பனோவாக் தலைவர் மாசசோயிட் ஏறக்குறைய 90 பேரோடு வந்தார். மூன்று நாள் விருந்து. அவருடைய ஆக்கள் ஐந்து மான்களை வேட்டையாடிக் கொண்டுவந்து கொடுத்தார்கள். அந்த இலையுதிர்காலத்தில் காட்டு வான்கோழி நிறையக் கிடைத்தது என்று ஆளுநர் வில்லியம் பிராட்ஃபோர்ட் வேறிடத்தில் எழுதியிருக்கிறார். ஆகவே வான்கோழி இருந்திருக்கலாம். மான் நிச்சயம் இருந்தது. அதைக் கொண்டுவந்தது யார் என்பதும் நிச்சயம்.

குடியேறிகள் ஊர் கட்டிய இடத்தின் பழைய பெயர் பட்டுக்செட். அது வெறும் நிலமல்ல. அதற்குச் சில வருடங்களுக்கு முன் ஐரோப்பியர் கொண்டுவந்த தொற்றுநோயில் மக்கள் செத்து வெறிச்சோடிப் போன கிராமம். மாசசோயிட்டின் மகன் மெட்டாகொம் பிறகு நிலத்துக்காகப் போராட வேண்டி வந்தது. 1676இல் அவரைக் கொன்று, தலையை அதே பிளிமத் ஊரில் கம்பத்தில் குத்தி வைத்தார்கள். 20 வருடங்களுக்கு மேல் அது அங்கேயே இருந்தது. தகப்பன் மானோடு விருந்துக்கு வந்த ஊர்.

நாங்கள் இன்று படங்களில் பார்க்கும் விருந்து இதற்கெல்லாம் வெகுகாலம் பிந்தியது. சாரா ஜோசெஃபா ஹேல் என்ற எழுத்தாளர் 1827இல் வெளியான தன் நாவலில் மேசையின் தலைமாட்டில் சுட்ட வான்கோழியை வைத்தார். அது ஒரு தேசிய நாளாக வேண்டும் என்று வருடக்கணக்காக எழுதினார். 1863இல், உள்நாட்டுப் போரின் நடுவில், லிங்கன் அதை அறிவித்தார். உடைந்துகொண்டிருந்த நாட்டுக்கு ஒரே மேசையில் இருந்து சாப்பிடுகிற கதை தேவைப்பட்டது.

1970இல், குடியேறிகள் வந்த 350ஆவது ஆண்டு விழாவில் பேச வம்சுட்டா பிராங்க் ஜேம்ஸ் என்ற வம்பனோவாக் மனிதரை அழைத்தார்கள். அவருடைய உரையை முன்கூட்டியே வாங்கிப் பார்த்த ஏற்பாட்டாளர்கள் அதை ஏற்கவில்லை. வேறு உரை வாசிக்க அவர் மறுத்துவிட்டார். அந்த வருடத்து நன்றி நவிலல் நாளில் பிளிமத்தில் ஆக்களைச் சேர்த்துத் துக்க நாள் அனுசரித்தார். ஒவ்வொரு வருடமும் அது தொடர்கிறது. ஒரே நாள், ஒரே ஊர், ஒரு பக்கம் விருந்து, மறுபக்கம் நினைவேந்தல். எங்களுக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

சந்தை தின்ற காடு

1796இல் அமீலியா சிம்மன்ஸ் எழுதிய சமையல் புத்தகம்தான் ஒரு அமெரிக்கர் எழுதி அமெரிக்காவில் அச்சான முதல் சமையல் புத்தகமாகக் கருதப்படுகிறது. அதில் வான்கோழிக்குள் பாணும் வாசனை இலைகளும் அடைத்துச் சுடுகிற முறை இருக்கிறது. பக்கத்தில் வைக்க அவித்த வெங்காயமும் கிரான்பெரிச் சோஸும்.

ஆனால் அந்தக் காலத்திலேயே காட்டில் பறவை குறையத் தொடங்கிவிட்டது. விவசாயத்துக்காகக் காடு வெட்டப்பட்டது. வான்கோழி இரவில் மரத்தில் தங்கும், மரக்கொட்டைகளைத் தின்னும். மரம் போனால் அதுவும் போகும். மிச்சத்தை நகரச் சந்தைக்காகச் சுட்டார்கள். வீட்டுக்காக வேட்டையாடுபவனுக்கு ஒரு பறவை காணும். சந்தைக்காகச் சுடுபவனுக்கு எத்தனை இருந்தாலும் காணாது. கனெக்டிகட்டில் கடைசிக் காட்டு வான்கோழியைப் பார்த்தது 1813இல். மாசசூசெட்ஸில் 1851இல். லிங்கன் விருந்து நாளை அறிவித்தபோது, அந்த விருந்து நடந்த மாநிலத்திலேயே காட்டு வான்கோழி இல்லை!

1900இல் வந்த லேசி சட்டம், கள்ளமாக வேட்டையாடியதை ஒரு மாநிலத்தில் இருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோவதைத் தடுத்தது. மாநிலங்கள் காட்டு இறைச்சி விற்பதை ஒவ்வொன்றாகத் தடைசெய்தன. 1937இல் வந்த பிட்மன்–ராபர்ட்சன் சட்டம், துவக்கிலும் தோட்டாவிலும் அறவிடும் வரியைக் காட்டுயிர் மீட்புக்குத் திருப்பியது. (நம்ம நாட்டுத் தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் அதே 1937தான்.)

முதலில் பண்ணையில் குஞ்சு பொரிக்க வைத்துக் காட்டில் விட்டார்கள். அது சரிவரவில்லை. தாய் பழக்காத குஞ்சுக்கு நரியைத் தெரியாது. 1950களில்தான் வழி பிறந்தது. தீன் போட்டுக் காட்டுப் பறவைகளைக் கூட்டி, வெடியால் பாய்கிற வலையை அதுகளுக்கு மேல் விரித்து, உயிரோடு பிடித்து, வெறுமையான காடுகளில் விட்டார்கள். இன்றைக்கு அலாஸ்காவைத் தவிர எல்லா மாநிலத்திலும் காட்டு வான்கோழி இருக்கிறது. எண்ணிக்கை லட்சங்களில்.

வீட்டுக் குசினியில்

விற்க முடியாததால், காட்டு வான்கோழிச் சமையல் வீட்டோடு நின்றுவிட்டது. சுட்டவர், அல்லது அவரிடம் பங்கு வாங்கியவர், அவ்வளவுதான். அதனால் அந்தச் சமையல் கடைச் சமையலுக்கு நேர் எதிராக இருக்கிறது.

பண்ணைப் பறவையை நெஞ்சிறைச்சிக்காகவே பெருப்பித்திருக்கிறார்கள். அதற்குப் பறக்க ஏலாது, தானாக இணை சேரவும் ஏலாது. காட்டுப் பறவை நாள் முழுக்க நடக்கும், பறக்கும். கொழுப்பு குறைவு, கால் நீளம், காலுக்குள் எலும்பு மாதிரி இறுகின நரம்புகள். முழுசாகச் சூளையில் வைத்தால் நெஞ்சு காய்ந்து போகும், கால் கடிபடாது. ஆகவே வீட்டில் பிரித்துத்தான் சமைக்கிறார்கள்.

பறவை விழுந்தவுடன் குடலை எடுத்து உடம்பைக் குளிரவைக்க வேண்டும். பிறகு சுடுதண்ணியில் தோய்த்து இறகு பிடுங்கலாம், அல்லது தோலோடு உரிக்கலாம். உரித்ததைச் சூளையில் வைப்பதில்லை, காய்ந்துவிடும். சன்னம் பட்ட இடங்களை விரலால் தடவிப் பார்த்து எடுக்க வேண்டும். ஈயம் நஞ்சு, பல்லும் போகும். நெஞ்சை உப்புத்தண்ணியில் ஒரு இரவு ஊறவிட்டு, மெல்லிசாக வெட்டி, மாவில் பிரட்டிப் பொரிக்கிறார்கள். உள்ளே 74 பாகை செல்சியஸ் வந்தால் காணும், அதற்கு மேல் விட்டால் இறுகும். காலைச் சின்ன நெருப்பில் மூன்று நாலு மணித்தியாலம் அவித்து, நரம்பைக் கழற்றி எறிந்துவிட்டு இறைச்சியை உதிர்க்கிறார்கள். எலும்பு சூப்புக்கு. இதில் ஒன்றும் விருந்துப் படத்தில் வருகிற மாதிரி இல்லை. சஹாகுன் எழுதிய குழம்புக்குத்தான் கிட்ட.

இதை அம்மம்மாவுக்குச் சொன்னேன். அவ வன்னிக்காரி. கொஞ்ச நேரம் கேட்டுப்போட்டு, "அந்த நாளையிலை வேட்டை இறைச்சியை ஆர் விக்கிறது? பங்குதானே போடுறது. வேட்டைக்குப் போகாத வீட்டுக்கும் ஒரு பங்கு போகும்" எண்டா.

பங்கு என்ற அந்தச் சொல்லை வைத்துத்தான் நான் இப்போது இந்த வரலாற்றைப் பார்க்கிறேன். 1621இல் ஐந்து மான் கொண்டுவந்தவர்கள் பங்கு போடத்தான் வந்தார்கள். சந்தை பங்கை விலையாக்கியபோது பறவை அழிந்தது. விலையைத் தடுத்தபோது பறவை திரும்பியது. ஆனால் வலை போட்டுப் பறவையைப் பழைய காட்டில் கொண்டுபோய் விட்ட நாடு, நிலத்தின் பழைய ஆக்களுக்கு அதைச் செய்யவில்லை. மாஷ்பீ வம்பனோவாக் மக்களை, அப்படி ஒரு மக்கள் இருக்கிறார்கள் என்று அமெரிக்க அரசு முறைப்படி ஏற்றுக்கொண்டது 2007இல்தான்.

விருந்தில் வான்கோழி இருந்ததா இல்லையா என்று சண்டை பிடிக்கலாம். அதைவிட, மான் கொண்டுவந்தவனுக்குக் கடைசியில் என்ன பங்கு கிடைத்தது என்று கேட்பதுதான் வரலாறு படிக்கிற எங்கட வேலை என்று நினைக்கிறேன்.