விசையாழி வட்டுகளின் காற்றுராய்வு இழப்பு

விசையாழி (டர்பைன்) வட்டும் அதன் விளிம்பிலுள்ள தகடுகளும், சூழ்ந்திருக்கும் நீராவியையோ காற்றையோ கலக்கிக்கொண்டே சுழல்வதால் வீணாகும் ஆற்றல் காற்றுராய்வு இழப்பு எனப்படும். வட்டின் பக்கங்களில் ஏற்படும் உராய்வு இதில் சிறு பங்கே. வேலை செய்யாத தகடுகள் விசிறிபோல் நீராவியை வாரி எறிவதில்தான் பெரும்பகுதி போகிறது.

இந்த இழப்பு இலங்கையின் மின் நிலையங்களிலும் உண்டு. நாட்டின் கிழக்கிலுள்ள சித்தாண்டிக்கும் மட்டக்களப்பு வாவிக்கரை ஊர்களுக்கும் மின்சாரம் தேசிய மின்கட்டமைப்பிலிருந்து வருகிறது. அதன் மிகப் பெரிய அனல்மின் நிலையம் நுரைச்சோலை. தலா 300 மெகாவாட் திறனுள்ள மூன்று அலகுகளில் முதலாவது 2011இல் இயங்கத் தொடங்கியது. கட்டமைப்பு 50 ஹேர்ட்ஸ் என்பதால் அங்குள்ள விசையாழிகள் நிமிடத்துக்கு 3,000 முறை சுழல்கின்றன. அந்த வேகத்தில் 3 மீற்றர் விட்டமுள்ள சக்கரத்தின் விளிம்பு செக்கனுக்கு 471 மீற்றர் ஓடும்.

சுழலும் வட்டின் உராய்வை 1921இல் தியோடர் வான் கார்மன் கணித முறையில் ஆராய்ந்தார். தகடுகளையும் சேர்த்துக் கணிக்கும் சூத்திரத்தைத் தந்தவர் சூரிச் பேராசிரியர் ஔரல் ஸ்டொடோலா. வட்டுராய்வு இழப்பு ஏறத்தாழ சுழல்வேகத்தின் மும்மடிக்கும் விட்டத்தின் ஐந்தாம் படிக்கும் ஏற்ப உயரும். விட்டம் இரட்டித்தால் இழப்பு 32 மடங்கு. வாயுவின் அடர்த்திக்கும் நேர்விகிதத்தில் கூடும். கடைசித் தகடுகள் சுழலும் இடத்தில், நீராவியை நீராக்கும் ஒடுக்கி வெற்றிடத்தைப் பேணுவதால் இழப்பு அடங்கியிருக்கிறது. அவசரத்தில் சுழலியை விரைவாக நிறுத்த அந்த வெற்றிடத்தை வேண்டுமென்றே உடைப்பார்கள். உள்ளே புகும் காற்றே தடையாகிவிடும்.

முழுச் சுமையில் இந்த இழப்பு சிறியது. சுமை குறையும்போதுதான் ஆபத்து. நீராவி போதாத கடைசி வரிசைத் தகடுகள் சக்தியைத் தருவதை விட்டு உண்ணத் தொடங்கும். அந்தச் சக்தி வெப்பமாகும். அதைச் சுமந்து செல்லப் போதிய நீராவி இராது. எனவே வெளியேற்றுப் பகுதியில் நீர் தெளித்துக் குளிரூட்டுவார்கள். ஆனால் சுழித்துத் திரும்பும் ஓட்டம் அந்தத் துளிகளைத் தகடுகளின் அடிப்பகுதிக்கே கொண்டுவந்து அரிக்கச் செய்கிறது. நீராவி முற்றாக நின்றும் மின்னாக்கி கட்டமைப்போடு இணைந்திருந்தால் அது மோட்டாராக மாறி வெறும் சக்கரத்தைச் சுழற்றும்; எதிர்த்திசைச் சக்தியை உணரும் காப்புக்கருவி இணைப்பைத் துண்டிக்க வேண்டும்.

குறைந்த சுமையில் நேரும் இந்த இழப்பு இலங்கையில் இன்றைய பிரச்சினை. 2025 ஏப்ரல் புத்தாண்டு விடுமுறையில் பகல்நேரத் தேவை குறைந்ததால் கூரைச் சூரிய மின்தொகுதிகளை நிறுத்திவைக்குமாறு மின்சார சபை கேட்டுக்கொண்டது. அத்தகைய பகல்களில் அனல் விசையாழிகள் குறைந்த சுமையில் ஓட நேர்கிறது. ஆகவே ஒரு நிலையத்தின் தகுதியை முழுச் சுமை வினைத்திறனைக் கொண்டு மட்டும் மதிப்பிடக் கூடாது. எவ்வளவு குறைந்த சுமையில் அதன் கடைசித் தகடுகள் பழுதின்றி நீடிக்கும் என்பதையும் கேட்க வேண்டும்.