கையில் எழுந்த வீக்கம்

1890-ஆம் ஆண்டுக் கோடையில், பெஸ்ஸி டேஷியல் என்னும் 17 வயது அமெரிக்க இளம்பெண்ணின் கை, இரயில் இருக்கைகளுக்கிடையே சிக்கி நசுங்கியது. சிறு காயமாகவே தோன்றிற்று. ஆனால் வலியும் வீக்கமும் தணியவில்லை. நியூயார்க்கின் இளம் அறுவை மருத்துவர் வில்லியம் கோலியும் முதலில் எலும்புறை அழற்சி என்றே எண்ணினார். திசுச் சோதனையோ சார்கோமா என்றது. எலும்பு, தசை, கொழுப்பு முதலிய திசுக்களில் தோன்றும் புற்றுநோய் அது. நவம்பரில் முன்கை அகற்றப்பட்டது; 1891 சனவரியில் பெஸ்ஸி இறந்தார்.

அவ்விழப்பு கோலியைச் சும்மாயிருக்க விடவில்லை. பழைய மருத்துவப் பதிவேடுகளைப் புரட்டி, கடுந்தோல் தொற்றுக்குப் பின் கழுத்துக் கட்டி மறைந்து பிழைத்த ஒருவரைத் தேடிக் கண்டார். 1891 முதல் கிருமிகளைக் கொண்டே கட்டிகளை எதிர்க்க முயன்றார். பலன் சீராக அமையவில்லை. எனினும் இன்றைய நோயெதிர்ப்புச் சிகிச்சையின் முன்னோடிகளுள் ஒருவராக மதிக்கப்படுகிறார்.

பெஸ்ஸியைத் தங்கையெனப் போற்றிய இளைய ஜான் டி. ராக்ஃபெல்லர், பின்னாளில் புற்றுநோய் மருத்துவத்துக்குப் பெருநிதி வழங்கினார்.

இந்நோய் அரிது, ஆதலால் எளிதில் தவறவிடப்படுகிறது. அடிபட்டதால் இது தோன்றுவதில்லை; ஆயினும், "அடிபட்ட வீக்கம்தானே" என்னும் ஆறுதல் நம்மை ஏமாற்றிவிடக்கூடும். வளர்ந்துகொண்டே போகும் கட்டி, 5 செ.மீ.க்கு மேற்பட்ட கட்டி, இரவில் வாட்டும் எலும்பு வலி ஆகியவற்றைத் தாமதமின்றி மருத்துவரிடம் காட்டுவோம். நோயுற்றோரிடம் "ஒன்றுமில்லை" என்று சொல்லி விலகாமல், அவர்தம் அச்சத்தைப் பொறுமையோடு கேட்போம். ராக்ஃபெல்லரின் செல்வம் நம்மிடம் இல்லை. உடனிருப்பு என்னும் கொடை நம் எல்லாரிடமும் உண்டு.