அரண்டவன் கண்!

1919-20 குளிர்காலம். அமெரிக்காவின் பால்டிமோர் நகரில், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம். அங்கே ஒரு குழந்தை உட்கார்ந்திருக்கிறது. பதினொரு மாத வயது. ஆராய்ச்சிக் கட்டுரையில் அதற்கு வைத்த பெயர் ஆல்பர்ட். எதற்கும் லேசில் அழாத பிள்ளை. இரண்டு மாதம் முன்பு வெள்ளை எலி, முயல், நாய், குரங்கு என்று வரிசையாகக் காட்டிப் பார்த்தார்கள். பயமா, மூச்! எல்லாவற்றையும் ஆசையாகத் தொட்டுப் பார்க்கத்தான் கை நீட்டியது.

இப்போது மறுபடியும் அதே எலி. ஆல்பர்ட் கை நீட்டுகிறான். விரல் எலி மேல் பட்டதுதான் தாமதம், தலைக்குப் பின்னால் 'டங்க்'! இரும்புக் கம்பியின் மேல் சுத்தியலால் ஓங்கி ஓர் அடி. குழந்தை தூக்கிவாரிப் போட்டு முகம் குப்புற விழுகிறது.

அடிக்க ஏற்பாடு செய்தவர்கள், உளவியல் பேராசிரியர் ஜான் வாட்சனும் அவருடைய மாணவி ரோசாலி ரேனரும். ஒரு வார இடைவெளியில் இரண்டு நாட்கள், மொத்தம் ஏழே ஏழு அடி. அப்புறம் சத்தமே இல்லாமல் எலியை மட்டும் காட்டினார்கள். அலறியபடி தவழ்ந்து ஓடிய குழந்தையை மேஜை விளிம்பில் பாய்ந்து பிடிக்கவேண்டி வந்தது!

விஷயம் இத்தோடு முடியவில்லை. ஐந்து நாள் கழித்து முயலைக் கொண்டுவந்தார்கள். அதே ஆல்பர்ட், முன்பு ஆசையாகத் தொட்ட அதே முயல். இப்போது அழுகை! ரோமக் கோட்டைக் கண்டாலும் அழுகை. முயலுக்காக யாரும் கம்பியை அடிக்கவில்லையே? கண் பழைய கண்தான். அது பார்த்த உலகம்தான் மாறிப் போயிருந்தது. 'அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்' என்று நம் பாட்டிகள் சொன்னதை, வாட்சன் ஒரு குழந்தையை அழவைத்துக் காட்டினார். (அதே 1920-ல் ரோசாலியுடனான காதல் விவகாரத்தில் அவருக்கு வேலை போனது. ரோசாலியையே மணந்துகொண்டு, விளம்பரக் கம்பெனியில் சேர்ந்துவிட்டார்!)

மண்டைக்குள் அப்படி என்னதான் நடக்கிறது? மூளையின் உட்புறத்தில், பாதாம் பருப்பு வடிவத்தில் 'அமிக்டலா' என்று ஒரு பகுதி. அதை ஆபத்துக்கான காவல்காரன் என்று வைத்துக்கொள்ளலாம். நியூயார்க்கின் ஜோசப் லெடூ எலிகளை வைத்துச் செய்த ஆராய்ச்சியில் தெரிந்தது இது: ஆபத்தோடு சேர்ந்து பழகிய ஒரு சத்தம், மூளையின் மேல்தளம் அலசி முடிப்பதற்கு முன்பே, ஒரு குறுக்குவழியாக அமிக்டலாவை எட்டிவிடுகிறது. மனிதப் பார்வையில் அந்தக் குறுக்குவழி எவ்வளவு தூரம் வேலை செய்கிறது என்பதில் விஞ்ஞானிகளுக்குள் இன்னும் வாக்குவாதம்தான். ஆனால், அமிக்டலா சும்மா செய்தி வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பதில்லை. பின்மண்டையில் இருக்கும் பார்வைப் பகுதிக்கே 'அதைக் கவனி' என்று திருப்பி அனுப்புகிறது!

1998-ல் லண்டனில் ஒரு சோதனை. கோபமான இரண்டு முகங்களில் ஒன்றைக் காட்டும்போது மட்டும் காதைத் துளைக்கும் சத்தம். பிறகு அந்த முகத்தைக் கண்சிமிட்டும் நேரத்தைவிடக் குறைவாகக் காட்டி, உடனே சாதாரண முகம் ஒன்றால் மறைத்தார்கள். கோப முகத்தைப் பார்த்ததாக யாருமே சொல்லவில்லை. ஆனால், அமிக்டலா விழித்துக்கொண்டது!

ஆய்வுக்கூடத்தில் இது வேடிக்கை. தெருவில்?

1999 பிப்ரவரி 4, நியூயார்க். ஆப்பிரிக்காவின் கினி நாட்டைச் சேர்ந்த இருபத்துமூன்று வயது அமடூ டியாலோ, தன் வீட்டு வாசலில் நின்றிருந்தார். மஃப்டியில் வந்த நான்கு போலீஸ்காரர்கள் அவரை நெருங்கினார்கள். அவர் எடுத்தது பர்ஸ். துப்பாக்கி என்று நினைத்ததாகச் சொன்னார்கள் போலீஸ்காரர்கள். 41 குண்டுகள்! டியாலோ இறந்தார். 2000-ல் நால்வரும் விடுதலை.

அந்த நொடியில் அவர்கள் மூளையில் என்ன நடந்தது என்று யாரும் ஸ்கேன் எடுக்கவில்லை. ஆனால், 2001-ல் கீத் பெய்ன் என்ற அமெரிக்க உளவியலாளர் ஒரு சோதனை செய்தார். ஒரு கறுப்பர் முகத்தை ஒரு கணம் காட்டிவிட்டு, உடனே குறடு மாதிரியான கருவியைக் காட்டினால், அவசரத்தில் அதைத் துப்பாக்கி என்று சொல்லிவிடும் தவறு அதிகமாக இருந்தது. இந்தப் பாடத்தைச் சொல்லிக்கொடுக்க யாரும் கம்பியில் அடிக்கவேண்டியதில்லை. வீடும் தெருவும் சினிமாவும் சேர்ந்தே சொல்லிக்கொடுத்துவிடுகின்றன.

சரி, கற்றதை மறக்க முடியாதா? ஆல்பர்ட்டுக்கு அந்த வாய்ப்புக் கிடைக்கவில்லை. பயத்தைப் போக்கும் முன்பே அவன் போய்விட்டான். ஆனால், 1924-ல் மேரி கவர் ஜோன்ஸ் என்ற பெண்மணி, முயலைக் கண்டால் நடுங்கும் பீட்டர் என்ற மூன்று வயதுப் பையனைப் பற்றி எழுதினார். அவனுக்குப் பிடித்த தின்பண்டத்தைக் கொடுத்துவிட்டு, கூண்டில் முயலைத் தூரத்தில் வைத்தார். மறுபடி கொஞ்சம் பக்கத்தில். பிறகு இன்னும் கொஞ்சம். மற்ற குழந்தைகள் அதோடு பயமில்லாமல் விளையாடுவதையும் பார்க்கவிட்டார். அவசரமே படவில்லை.

பயத்தைக் கற்க ஆல்பர்ட்டுக்கு ஏழு அடி போதும். மறக்க பீட்டருக்கு மாதக்கணக்காயிற்று. ஆனால், கடைசியில் அந்த முயல் அவன் விரலை மெள்ளக் கொறித்தபோது, பையன் கையை இழுத்துக்கொள்ளவில்லை!