புழுங்கல் அரிசி காத்த உயிர்கள்

நம் பாட்டிமார் உண்டது புழுங்கல் அரிசிச் சோறு. இன்று அதன் வாடைக்கே முகம் சுளிக்கும் பிள்ளைகள் நம் வீடுகளிலும் உண்டு. அந்த அரிசி நம்மைக் காத்த கதையைக் கொஞ்சம் பார்ப்போம்.

ஈப்போவைச் சுற்றியுள்ள கிந்தா பள்ளத்தாக்கில் ஈயம் வெட்ட, 1880-களில் ஆயிரக்கணக்கான சீனத் தொழிலாளர்கள் வந்து குவிந்தார்கள். அவர்களை ஒரு நோய் வாட்டியது. முதலில் கால் மரத்துப் போகும், பிறகு வீங்கும். வீங்கிய இடத்தை விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நிற்கும். கடைசியில் இதயம் ஓய்ந்துவிடும். அதற்குப் பெரிபெரி என்று பெயர்.

அதே மண்ணில் வேலை செய்த தமிழர்களுக்கு இந்நோய் அரிதாகவே வந்தது. மலேரியா நம்மவரைக் கொள்ளை கொண்டது உண்மைதான். ஆனால் பெரிபெரி அல்ல. நெகிரி செம்பிலானில் மருத்துவராக இருந்த பிராடன் இதைக் கவனித்தார். சீனர் உண்டது தீட்டிய வெள்ளை அரிசி. தமிழர் உண்டது புழுங்கல் அரிசி. நோய்க்குக் காரணம் அரிசிதான் என்று அவர் 1907-இல் ஒரு நூலே வெளியிட்டார். வெள்ளை அரிசியில் ஏதோ நஞ்சு சேர்கிறது என்று அவர் எண்ணியது மட்டும் தவறு.

கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் 1905-இல் டாக்டர் பிளெட்சர் நோயாளிகளை இரண்டாகப் பிரித்தார். ஒரு பாதிக்கு வெள்ளை அரிசி, மறு பாதிக்குப் புழுங்கல் அரிசி. மற்றக் கறி வகைகளெல்லாம் ஒன்றே. இடத்தின் கோளாறாக இருக்குமோ என்று கூட்டங்களை இடம் மாற்றியும் பார்த்தார். வெள்ளை அரிசி உண்டவர்களில் 18 பேர் பெரிபெரியால் இறந்தார்கள். மற்றக் கூட்டத்தில் அந்நோயால் ஒருவரும் சாகவில்லை. வாய் திறந்து கேட்க முடியாத நோயாளிகளின் உயிரை வைத்துக் கண்ட உண்மை இது என்பதையும் நாம் நினைக்கத்தான் வேண்டும்.

நெல்லின் தவிட்டில் பி1 என்னும் வைட்டமின் இருக்கிறது. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது அது அரிசிக்குள் இறங்கிவிடும். பிறகு எவ்வளவு தீட்டினாலும் ஒரு பங்கு தங்கும். பச்சை நெல்லைத் தீட்டினால் தவிட்டோடு அதில் பெரும்பகுதி போய்விடும். இந்தச் சத்தை 1926-இல் ஜாவாவில் டச்சு அறிவியலார் தனியே பிரித்தெடுத்தார்கள்.

ஜப்பானியர் காலத்தில், 1942 முதல் 1945 வரை, அரிசி வரத்து வெகுவாகக் குறைந்தது, மரவள்ளிக்கிழங்கே சோறாயிற்று. அதில் பி1 மிகக் குறைவு. முன்பு தப்பிய நம் தோட்டப்புறங்களிலும் அப்போது கால்கள் வீங்கின.

சமையலறையிலும் ஒன்று உண்டு. பருப்பு சீக்கிரம் வேகட்டும் என்று சிலர் ஒரு சிட்டிகை ஆப்பச் சோடா போடுகிறார்கள். சோடாவின் காரம் (மிளகாய்க் காரத்தைச் சொல்லவில்லை) பி1 சத்தை அழிக்கும். புளியின் அமிலத்தில் அது ஓரளவு தாங்கும். நீரிலும் கரையும். சோறு வடித்த கஞ்சியில் உப்புப் போட்டுக் குடித்துவிட்டுப் பால் வெட்டப் போனார்களே நம் பெரியவர்கள், அவர்கள் வயிற்றுக்குள் அதுவும் சேர்ந்தே போயிற்று.