சந்தியாகுவும் ஜேம்சும்



ஜூபிலி மலருக்காகப் பழைய ஞானஸ்நானப் பதிவேடுகளைப் புரட்டியபோது, சென்ற ஆண்டு நடந்த ஒன்று நினைவுக்கு வந்தது. பேரனுக்குத் திருமுழுக்குக் கேட்டுக் குடும்பத்தோடு வந்த பெரியவர் ஒருவர் பங்கு இல்லத்தின் வாசலிலேயே நின்றுவிட்டார். மூத்த பேரனுக்குப் பாட்டனார் பெயரை இடுவது நம் வழக்கம். பெற்றோரோ, "சந்தியாகு பழைய பெயர், சாமி. ஜேம்ஸ் என்று எழுதுங்கள்" என்றார்கள். பெரியவர் வாய் திறக்கவில்லை.

இரண்டும் ஒரே பெயர் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

மூலம் எபிரேயம். ஈசாக்கின் இரட்டைப் பிள்ளைகளில் இளையவன் அண்ணனின் குதிகாலைப் பிடித்துக்கொண்டு பிறந்தான். ஆகவே யாக்கோபு (தொடக்க நூல் 25:26). அது கிரேக்கத்தில் யாக்கோபோஸ், இலத்தீனில் யாக்கோபுஸ். பிற்காலத்து இலத்தீன் பேச்சில் யாக்கோமுஸ் என்றும் திரிந்தது. இத்தாலியரின் ஜாக்கோமோவும், பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலேயர் பெற்ற ஜேம்சும் அதன் பிள்ளைகளே. ஆங்கில விவிலியம் முதுபெரும் தந்தையை ஜேக்கப் என்றும் அப்போஸ்தலரை ஜேம்ஸ் என்றும் எழுதுவதால்தான் இந்தக் குழப்பமெல்லாம்.

ஸ்பெயினில் அப்பெயர் யாகோ என்று தேய்ந்தது. புனிதர் என்று பொருள்படும் 'சாந்த்' முன்னால் ஒட்டிக்கொள்ள, சாந்தியாகோ ஆயிற்று. அங்கே கொம்போஸ்தெலா நகரில் அப்போஸ்தலரின் கல்லறை உள்ளதென்று நம்பித் திருப்பயணிகள் இன்றும் பல நூறு கல் தொலைவு நடந்தே போகிறார்கள். 1541இல் ஸ்பானியர் நிறுவிய சிலி நாட்டுத் தலைநகருக்கும் இதே பெயர்தான். 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியரோடு முத்துக்குளித்துறையில் கரையேறிய இப்பெயர், நம் மக்கள் நாவில் சந்தியாகு ஆனது. மரியாதைக்கு 'அப்பர்' சேர்த்துச் சந்தியாகப்பர் என்றோம். அப்படியானால் 'புனித சந்தியாகப்பர்' என்னும்போது புனிதரை இருமுறை சொல்கிறோம். அவருக்குத் தகும், சொல்லிவிட்டுப் போவோம்! நம் பழைய நூல்களில் யாகப்பர், கேரளத்தில் சாக்கோ, இஸ்லாமியச் சகோதரர்களிடம் யாகூப், எல்லாம் ஒரே வேரின் கிளைகள்.

அன்று பெரியவரை உள்ளே அழைத்து, அவர் ஞானஸ்நானம் பெற்ற ஆண்டின் பதிவேட்டைத் திறந்தேன். அக்காலத்துக் குருக்கள் இலத்தீனில் எழுதுவார்கள். அவர் பெயர் 'யாக்கோபுஸ்' என்றிருந்தது.

"ஜேம்சை இலத்தீனில் எப்படி எழுதுவீர்கள், சாமி?" என்றாள் மருமகள்.

"இப்படியேதான், அம்மா."

பெரியவர் அந்த வரியின்மேல் விரலை வைத்துப் பார்த்தார். பிறகு, "பிள்ளைக்கு ஜேம்ஸ் என்றே எழுதுங்கள், சாமி" என்றார்.