என்சிலாடாவும் சுண்ணாம்பும்

இன்னைக்கு எபிசோட் ஒரு சமையல் கேள்வியில தொடங்குது. "ஒரு சப்பாத்தியில ராஜ்மாவை வெச்சு சுருட்டி, மேல தக்காளி சாஸ் ஊத்தி, சீஸ் துருவிப் போட்டு அவன்ல வெச்சா, அது வெஜ் என்சிலாடா தானே?"

சாப்பிட நல்லா இருக்கும், அதுல சந்தேகமே இல்லை. ஆனா என்சிலாடாவா இருக்க எது வேணுமோ, அது அந்தத் தட்டுல இல்லை. அது என்னன்னு சொல்றதுக்கு நான் உங்களை 3000 வருஷம் பின்னாடி கூட்டிட்டுப் போகணும். வழியில ஒரு நோய் வரும், ஒரு லட்சம் சாவு வரும், ஒரு இனவாதப் புத்தகம் வரும். கடைசியில, பயப்படாதீங்க, ரெசிபியும் வரும்.

முதல்ல பெயர். ஸ்பானிய மொழியில "என்சிலார்" என்றால் மிளகாய் சேர்ப்பது. "என்சிலாடா" என்றால் மிளகாய் பூசியது. அவ்வளவுதான். பெயரில் சீஸும் இல்லை, அவனும் இல்லை. அந்தப் பெயருக்குள்ளே இருக்கிற "சிலி" என்ற சொல்கூட ஸ்பானியம் கிடையாது. ஆஸ்டெக் மக்கள் பேசிய நஹுவாட்ல் மொழியில இருந்து வந்தது. 16-ம் நூற்றாண்டில் போர்ச்சுக்கீசியர் கப்பலில் இதே காய் இந்தியாவுக்கு வந்தப்போ, நம்ம ஆட்கள் அந்தச் சொல்லை எடுத்துக்கலை. ஏற்கெனவே தெரிந்த மிளகை வெச்சு "மிளகாய்"னு பெயர் வெச்சுட்டாங்க. அதனாலதான் ரசத்துல போடுற காய் மெக்சிகோக்காரன்னு நமக்கு ஞாபகமே வர்றதில்லை.

சரி, இந்தப் பண்டம் எவ்வளவு பழசு? 1529-ல் பெர்னார்டினோ தே சாகுன் என்ற பிரான்சிஸ்கன் துறவி மெக்சிகோவுக்கு வந்தார். உள்ளூர் அறிஞர்களோடு சேர்ந்து, பல பத்தாண்டுகள் உழைத்து, அந்த மக்களின் வாழ்க்கையைப் பற்றி 12 புத்தகங்கள் தொகுத்தார். நஹுவாட்ல், ஸ்பானியம் இரண்டு மொழியிலும் எழுதப்பட்ட அந்தத் தொகுப்பின் கைப்பிரதி இன்னைக்கு இத்தாலியில் ஃபுளோரன்ஸ் நகரத்தில் இருக்கு. அதில் சந்தையில் சாப்பாடு விற்கிறவர்களைப் பற்றி ஒரு நீளமான பட்டியல் வருது. அதிலேயே மடித்த டொர்ட்டியா, மிளகாய் சேர்த்த டொர்ட்டியா, அரைத்த பீன்ஸோடு சாப்பிடும் பண்டம் எல்லாம் இருக்கு. அதாவது, ஸ்பானியப் பெயர் வருவதற்கு முன்பே பண்டம் தெருவில் விற்றுக்கொண்டு இருந்தது.

அந்தத் தெருக்கடைச் சாப்பாட்டில் எது இருந்திருக்க முடியாது என்று யோசிச்சுப் பாருங்க. ஸ்பானியர் வரும்வரை மெக்சிகோவில் மாடு கிடையாது. வீட்டு ஆடு கிடையாது. வீட்டுப் பன்றி கிடையாது. ஆக, பால் இல்லை, சீஸ் இல்லை, பன்றிக் கொழுப்பு இல்லை. இன்னைக்கு என்சிலாடான்னதும் நம்ம கண்ணுக்கு முன்னாடி வர்ற அந்த உருகி வழியிற சீஸ், இந்தக் கதையில ரொம்ப லேட்டா வந்த விருந்தாளி. மெக்சிகோ 1821-ல் சுதந்திரம் அடைந்தது. பத்து வருஷம் கழிச்சு, 1831-ல் "எல் கொசினெரோ மெஹிகானோ" என்ற சமையல் புத்தகம் அச்சில் வந்தது. அதற்குள் என்சிலாடா அச்சேறிவிட்டது. ஆனாலும் பணக்கார வீடுகளில் அது ரொம்ப காலம் தெருச் சாப்பாடாகவே பார்க்கப்பட்டது.

மிளகாய் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், அந்த மிளகாய் பூசப்படுகிற டொர்ட்டியா. அது மக்காச்சோளத்தில் செய்வது. இங்கேதான் விஷயமே இருக்கு.

நீங்க கடையில மக்காச்சோள மாவு வாங்கி, தண்ணி ஊத்திப் பிசைந்து, மெல்லிசா தட்டி, சுருட்டிப் பாருங்க. விரிசல் விட்டு உடையும். பஞ்சாபின் மக்கி ரொட்டி தடியா இருப்பதற்குக் காரணம் இதுதான். கோதுமையில் இருக்கிற குளூட்டன் மக்காச்சோளத்தில் இல்லை. அப்போ மெக்சிகோவில் மட்டும் எப்படி அதே தானியம் துணி மாதிரி மடங்குது?

பதில், சுண்ணாம்பு. ஆமாம், நம்ம வெத்தலைக்குத் தடவுற அதே வகைச் சுண்ணாம்பு. காய்ந்த மக்காச்சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து, ராத்திரி முழுக்க அப்படியே ஊறவிட்டு, காலையில் கழுவி, தோலை நீக்கி, ஈரமாகவே கல்லில் அரைப்பார்கள். சுண்ணாம்பு அந்தக் கெட்டித் தோலைக் கரைத்து, மாவை ஒட்ட வைக்கும். இப்படி வேகவைத்த சோளத்துக்கு "நிக்ஸ்டமல்" என்று பெயர். அரைத்த மாவு "மாசா". குறைந்தது 3000 வருஷப் பழக்கம் இது.

ஆனா சுண்ணாம்பு இன்னொரு வேலையும் செய்யுது, கண்ணுக்குத் தெரியாம. மக்காச்சோளத்தில் நயாசின் என்ற வைட்டமின் இருக்கு. பி3-ன்னு சொல்வாங்க. அது பெரும்பாலும் பூட்டின பெட்டிக்குள்ள இருக்கிற மாதிரி. சும்மா வேகவைத்துச் சாப்பிட்டால் உடம்பு அதை எடுத்துக்க முடியாது. சுண்ணாம்பில் வேகவைத்தால் பூட்டு திறந்துவிடும். இந்த வேதியியல் யாருக்கும் தெரியாத காலத்திலேயே, இதைச் செய்தால் நல்லது என்று அந்தப் பெண்களுக்குத் தெரிந்திருந்தது.

இப்போ நோய்க்கு வருவோம். கொலம்பஸ் பயணங்களுக்குப் பிறகு மக்காச்சோளம் ஐரோப்பாவுக்குப் போனது. விதை போனது. சுண்ணாம்பு போகவில்லை. அங்கே ஏற்கெனவே மாவு மில்கள் இருந்தன. காய்ந்த தானியத்தை அப்படியே போட்டு அரைத்தார்கள். ஏழை விவசாயிகளுக்கு மூணு வேளையும் அதுவே கஞ்சி. 1735-ல் ஸ்பெயினில் காஸ்பர் கசால் என்ற மருத்துவர் ஏழைகளிடம் ஒரு புது நோயைக் கவனித்தார். வெயில் படுகிற இடமெல்லாம் தோல் சிவந்து, தடித்து, உரியும். அப்புறம் வயிற்றுப்போக்கு, அப்புறம் மனநிலை குழம்பும், கடைசியில் சாவு. வட இத்தாலியில் இதற்கு "பெல்லாக்ரா" என்று பெயர் வந்தது. சொரசொரப்பான தோல் என்று அர்த்தம்.

20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதே நோய் அமெரிக்காவின் தென் மாநிலங்களைப் பிடித்தது. பருத்தி வயல் கூலிகள், மில் தொழிலாளர்கள், அனாதை இல்லக் குழந்தைகள், சிறைக் கைதிகள். 1906-லிருந்து 1940-க்குள் சுமார் 30 லட்சம் பேருக்கு நோய், சுமார் ஒரு லட்சம் பேர் சாவு. டாக்டர்கள் பலர் இதைத் தொற்றுநோய் என்று நம்பினார்கள். 1914-ல் அரசு அனுப்பிய ஜோசப் கோல்ட்பெர்கர் ஒரு விஷயத்தைக் கவனித்தார். இல்லங்களில் குழந்தைகளுக்கும் நோயாளிகளுக்கும் வருது, அவர்களைப் பார்த்துக்கொள்ளும் ஊழியர்களுக்கு வரவில்லை. தொற்று என்றால் ஆள் பார்த்து வருமா? சாப்பாடுதான் காரணம் என்றார். யாரும் நம்பாதபோது, நோயாளிகளின் ரத்தத்தைத் தன் உடம்பில் ஊசி போட்டுக் காட்டினார். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. 1929-ல் அவர் இறந்தார். விடுபட்டிருந்த சத்து நயாசின் என்று 1937-ல்தான் தெரிந்தது. அதே காலத்தில், எல்லைக்கு அந்தப் பக்கம், மக்காச்சோளத்தையே நம்பி வாழ்ந்த மெக்சிகோ கிராமங்களில் இந்த நோய் பெரிதாகத் தலைகாட்டவே இல்லை.

இதைக் கேட்டதும், "அப்போ மெக்சிகோவில் அந்தப் பெண்களைக் கொண்டாடியிருப்பாங்க"ன்னு தோணும். இல்லைங்க. 1899-ல் பிரான்சிஸ்கோ புல்னெஸ் என்ற மெக்சிகோ அரசியல்வாதி ஒரு புத்தகம் எழுதினார். மனித குலத்தை மூன்றாகப் பிரித்தார்: கோதுமை இனம், அரிசி இனம், மக்காச்சோள இனம். முன்னேறக்கூடியது கோதுமை இனம் மட்டும்தான் என்பது அவர் முடிவு. சொந்த நாட்டின் பூர்வகுடிகள் ஏழைகளாக இருப்பதற்கு நிலம் பறிபோனது காரணமில்லை, டொர்ட்டியா காரணம்! அந்தக் கணக்கில் சோறு சாப்பிடுகிற நாமும் தேறாத கோஷ்டிதான் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

எனக்கு இந்த இடத்தில்தான் கோபம் வருது. நிக்ஸ்டமல் தெரியாத ஊர்களில் கோதுமை நாகரிகத்துக்காரர்கள் அதே தானியத்தைச் சாப்பிட்டுச் செத்துக்கொண்டு இருந்தார்கள். தெரிந்தவர்களுக்குப் பெயர் பின்தங்கியவர்கள். அந்த அறிவு புத்தகத்தில் இல்லை, படிக்காத பெண்களின் கையில் இருந்தது. அதனால் அது அறிவு என்று கணக்கிலேயே வரவில்லை.

ஆனா நான் இதை ஒரேயடியாகப் பொன்னாக்கவும் மாட்டேன். அம்மியைத் தரையில் வெச்சு, மண்டி போட்டு அரைக்கிறதை நினைச்சுக்கோங்க. அவர்களுடைய அரைகல்லுக்கு "மெட்டாட்டே" என்று பெயர். ஒரு குடும்பத்துக்கான மாவை அரைக்க விடியலுக்கு முன்னாடி எழுந்து பல மணி நேரம், தினமும். மாசா அடுத்த நாளுக்குத் தாங்காது. 20-ம் நூற்றாண்டில் நிக்ஸ்டமல் அரைக்கும் மில்கள் ஊர் ஊராக வந்தபோதுதான் அந்த முழங்கால்களுக்கு விடுதலை கிடைத்தது. 1949-ல் தொடங்கிய க்ரூமா நிறுவனம், நிக்ஸ்டமலைக் காயவைத்து மாவாகவே பாக்கெட்டில் விற்றது. தண்ணீர் ஊற்றினால் போதும்.

அதற்கப்புறம் பார்வையும் மாறியது. 2007 ஜனவரியில் டொர்ட்டியா விலை ஏறியபோது, மெக்சிகோ நகரத்தில் பல்லாயிரம் பேர் தெருவில் இறங்கினார்கள். அரசாங்கம் விலைக்கு உச்சவரம்பு பேச வேண்டியதாயிற்று. 2010-ல் யுனெஸ்கோ மெக்சிகோவின் பாரம்பரியச் சமையலை மானுடப் பண்பாட்டு மரபாக அறிவித்தது. புல்னெஸ் குறை சொன்ன அதே சாப்பாடு.

இப்போ ரெசிபி. நாலு பேருக்கு.

டொர்ட்டியா: அரை கிலோ காய்ந்த மக்காச்சோளம். ஸ்வீட் கார்ன் வேண்டாம். ஒன்றரை லிட்டர் தண்ணீரில் 5 கிராம் நீற்றின சுண்ணாம்பைக் கரைத்து, சோளத்தைப் போட்டு முக்கால் மணி நேரம் வேகவிடுங்க. சாப்பாட்டுக்கு உகந்த தரத்தில் உள்ள சுண்ணாம்பாக இருக்கணும். சுட்ட கல் சுண்ணாம்பை வீட்டில் நீற்ற வேண்டாம், அது கொதித்துத் தெறிக்கும். அலுமினியப் பாத்திரமும் வேண்டாம். மூடி வெச்சு, மறுநாள் காலையில் நாலைந்து தடவை தேய்த்துக் கழுவி, கிரைண்டரில் தண்ணீரைத் தெளித்துத் தெளித்து கெட்டியாக அரைங்க. நேரம் இல்லையா? "மாசா அரீனா"ன்னு கேட்டு வாங்குங்க, அது நிக்ஸ்டமல் மாவுதான். எலுமிச்சை அளவு உருண்டையை ரெண்டு பிளாஸ்டிக் தாளுக்கு நடுவில் வெச்சு, கனமான தட்டால் அழுத்தி, சூடான தோசைக்கல்லில் ரெண்டு பக்கமும் ஒவ்வொரு நிமிஷம்.

சாஸ்: அங்கே ஆஞ்சோ, குவாஹியோ என்ற காய்ந்த மிளகாய்கள். இங்கே 12 காஷ்மீரி மிளகாய். நிறம் அதிகம், காரம் குறைவு. விதையைத் தட்டிவிட்டு, லேசா வறுத்து, வெந்நீரில் 20 நிமிஷம் ஊறவெச்சு, மூணு பல் பூண்டு, அரை வெங்காயம், உப்போடு அரைங்க. எண்ணெயில் ஊற்றிப் பச்சை வாசம் போகும்வரை கிளறணும். காரக்குழம்புக்கு எண்ணெய் பிரியும் பதம் உங்களுக்குத் தெரியுமே, அதே.

உள்ளே: வேகவெச்சு மசித்த ராஜ்மா அல்லது கறுப்பு பீன்ஸ். மெக்சிகோவில் இதில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பது சகஜம், அதனால வெஜ் வேணும்னா வீட்டில் செய்வதே உறுதி. சோளத்தில் குறைகிற புரதக்கூறு பீன்ஸில் இருக்கு. இட்லியில் அரிசியும் உளுந்தும் சேர்ற அதே கணக்கு.

இப்போ பெயருக்கு உரிய வேலை. டொர்ட்டியாவைச் சூடான எண்ணெயில் சில நொடி காட்டி, சாஸில் முழுசா முக்கி எடுத்து, உள்ளே பீன்ஸ் வெச்சு சுருட்டுங்க. குவானஹுவாட்டோ என்ற வெள்ளிச் சுரங்க ஊரில் "சுரங்கத் தொழிலாளி என்சிலாடா"ன்னு ஒன்று உண்டு. மேலே வதக்கின உருளைக்கிழங்கும் கேரட்டும். அதையே போடுங்க. சீஸ் ஆசை இருந்தா உப்பு தூவின பனீரை உதிர்த்துப் போடுங்க, அங்கே போடுற பச்சைச் சீஸுக்கு அது கிட்டத்தட்ட சொந்தக்காரன். அவன் தேவையில்லை. சூடு ஆறுவதற்குள் சாப்பிட்டுடணும், ஊறிப் போனா உடையும்.

சோளத்தைக் கழுவுறப்போ தண்ணி மஞ்சளா ஓடும், தோல் விரலில் வழுக்கும், ஈரமண் மாதிரி ஒரு வாசம் வரும். அந்த வாசம் வந்தா சுண்ணாம்பு வேலை செஞ்சிடுச்சுன்னு அர்த்தம். செஞ்சு பார்த்துட்டு எனக்கு எழுதுங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.