அணு உலைக் குளிர்விப்பு உறுப்புகளுக்கான நீர்ச் சோதனைச் சுற்றுகள்

நீர்ச் சோதனைச் சுற்று என்பது அணு உலையின் குளிர்விப்பு அமைப்பில் இடம்பெறும் பம்ப், வெப்பப் பரிமாற்றி, எரிபொருள் கட்டு முதலிய உறுப்புகளை உலையில் பொருத்தும் முன் ஓடும் நீரில் வைத்து ஆராயும் ஏற்பாடு. தொட்டி, பம்ப், குழாய்கள், வால்வுகள், சூடேற்றி, ஓட்டமானி ஆகியவை இதன் அடிப்படைப் பாகங்கள். தமிழ்நாட்டில் இவ்வாய்வு நடைபெறும் முதன்மையான இடம், சென்னைக்குத் தெற்கே கல்பாக்கத்தில் 1971இல் தொடங்கப்பட்டு, 1985இல் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம் எனப் பெயர் மாறிய நிறுவனம்.

சோடியத்துக்கு மாற்றாக நீர்

இம்மையம் வடிவமைத்த 500 மெகாவாட் முன்மாதிரி ஈனுலையைக் குளிர்விப்பது உருகிய சோடியம். அதன் முதன்மைச் சுற்றில் சுமார் 1,150 டன் சோடியம் நிறைகிறது. உலையின் மையப்பகுதிக்குள் 397 பாகை செல்சியஸில் நுழைந்து 547 பாகையில் வெளியேறுகிறது. சோடியம் ஒளிபுகாதது, சூடான நிலையில் காற்றுப் பட்டால் எரியும். ஆகவே அதன் ஓட்டத்தைக் கண்ணால் காண முடியாது. நீரை 80 முதல் 90 பாகை வரை சூடாக்கினால் அதன் இயக்கப் பாகுமை, 400 பாகையிலுள்ள சோடியத்தினுடையதை நெருங்குகிறது. கண்ணாடிச் சுவர் வழியே லேசர் ஒளி பாய்ச்சி நீரோட்டத்தின் ஒவ்வொரு சுழலையும் அளக்கவும் முடிகிறது.

சாம்ராட் மாதிரி

ஈனுலையின் முதன்மைச் சுற்றை நான்கில் ஒரு பங்காகச் சுருக்கிக் கல்பாக்கத்தில் அமைத்த நீர் மாதிரி ‘சாம்ராட்’. சோடியப் பரப்பின் மேல் நிற்கும் ஆர்கான் வாயு சுழல்களில் சிக்கி மையப்பகுதிக்குப் போய்விடக் கூடாது. இவ்வாபத்து இதில் ஆராயப்படும் முக்கியக் கேள்விகளுள் ஒன்று. பரப்பின் அலையையும் சுழலையும் நிர்ணயிப்பது ஃப்ரூட் எண். கால் அளவு மாதிரியில் அதை மாறாமல் காக்க, உலையிலுள்ள சோடியத்தின் பாதி வேகத்தில் நீர் ஓட வேண்டும். அப்போது, ஓட்டத்தில் பாகுமையின் பங்கைக் காட்டும் ரெனால்ட்ஸ் எண் எட்டில் ஒன்றாகிவிடும். எனவே ஒரே சோதனையில் எல்லாவற்றையும் அறிய இயலாது. ஒவ்வொரு கேள்விக்கும் உரிய எண்ணைத் தேர்ந்து தனித்தனியே சோதிக்கிறார்கள்.

ஓட்டத்தால் எழும் அதிர்வும் இம்மாதிரியில் ஆராயப்படுகிறது. அதன் முக்கியத்துவத்துக்கு ஜப்பானின் மோன்ஜு உலையே சான்று. 1995 டிசம்பர் 8 அன்று, அங்கு இரண்டாம் சுற்றின் வெப்பமானி உறை ஒன்று சோடிய ஓட்டத்தில் அதிர்ந்து முறிந்தது. கசிந்த சோடியம் தீப்பற்றியது.

வரம்புகள்

வெப்பம் கடத்துவதில் சோடியம் நீரைவிட நூறு மடங்கு வல்லது. ஆகவே வெப்பப் பரிமாற்றத்தை நீரில் மட்டும் சோதித்து முடிவுக்கு வர இயலாது. உலை நின்ற பின்னும் எரிபொருளில் எழும் எஞ்சிய வெப்பத்தை, பம்ப் இல்லாமல் இயற்கைச் சுழற்சியால் வெளியேற்றும் முறையை ஆராய, கல்பாக்கத்தில் ‘சாதனா’ என்ற 355 கிலோவாட் சோடியச் சுற்று அமைக்கப்பட்டது.

பிற சுற்றுகள்

நீரால் குளிரும் உலைகளுக்கு நீர்ச் சுற்றே நேரடிச் சோதனைக்களம். மும்பை பாபா அணு ஆராய்ச்சி மையத்தில், மேம்பட்ட கனநீர் உலைக்கான ஒருங்கிணைந்த சோதனைச் சுற்று 1:452 என்ற கன அளவு விகிதத்தில் அமைந்தது. இயற்கைச் சுழற்சியை உந்துவது உயர வேறுபாடு என்பதால் உயரம் மட்டும் சுருக்கப்படவில்லை.